தையல் மெஷினில் கட்டிய இறகுமுள்

என் புருஷனுக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. சென்னைக்கு மேற்கே பாடியில் ஒரு பட்டறையில், தகடு வெட்டுகிற பவர் பிரஸ்ஸில். கை உள்ளே போகாமல் இருக்க அந்த மெஷினுக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு இருக்க வேண்டும். தடுப்பு இருந்தால் வேலை மெதுவாக நடக்கிறது என்று அதைக் கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள். விரல் போன மறுநாள் தூசி தட்டி மாட்டினார்களாம். பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் இதைச் சொன்னேன். "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்றாள் மாதா கோயிலிலிருந்து வந்த ஒரு அம்மாள். ஆண்டவரா வந்து கம்பியைக் கழற்றினார் என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வராதது நல்லது.

எண்பதுகளின் கடைசி அது. அம்பத்தூரில் ஏரிக்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருந்தோம். நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிச்சமிருந்த கையைத் துண்டால் மூடிக்கொண்டு அவர் உள் அறையில் உட்கார்ந்திருந்தார். கேட்டில் காவலுக்கு உட்காரும் வேலை தருகிறோம் என்று பட்டறையில் சொல்லியனுப்பினார்கள். போகவில்லை. கடைக்குப் போகவில்லை, பூசைக்கு வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் தூங்குவதுபோல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஆறு மாதம் இப்படி.

முன்னே அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூங்கில் கழியும் மண்புழு டப்பாவும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவார். அங்கே ஆறேழு பேர் வரிசையாக உட்காருவார்கள். எல்லோரும் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள். மீன் பிடிப்பது பாதி, ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வது பாதி. என் புருஷனுடைய குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்கும் என்று துணி துவைக்கப் போகிற பெண்கள் என்னிடம் வந்து சொல்வார்கள். நான்கு மீனும் அடைத்துப்போன தொண்டையுமாகத் திரும்பி வருவார். அந்த வாயை நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். அது மூடிப்போன பிறகுதான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. அவர் மறுபடி அந்த ஆட்கள் நடுவில் போய் உட்காருவாரா மாட்டாரா என்பது ஒன்றுதான் என் கவலை. சோறு எப்படியாவது வந்துவிடும். என் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு தடவை நானே வலுக்கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போனேன். அது என் தப்பு. மண்புழு மாட்டுவது சின்ன வேலை மாதிரி தெரியும். ஒரு கை தூண்டில் முள்ளைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை வழுக்குகிற புழுவைப் பிடித்து முனை மறைகிற வரை ஏற்ற வேண்டும். எங்கள் ஏரியில் பொடி மீன்கள் புழுவைக் கொத்திக் கொத்தித் தின்றுவிடும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு புழு மாட்டியாக வேண்டும். அவரால் முடியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து மாட்டிக் கொடுத்தேன். கழி அவருடைய இடது கையில், புழு என் கையில். மூன்றாவது புழுவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவன் சொன்னான்.

"மாமே, உனுக்கு இன்னா ராஜ வாழ்க்க! ஊட்டுக்காரி புழு மாட்டித் தரா. சோத்தயும் ஊட்டி உட்டுருவாளா?"

அவன் கெட்டவன் இல்லை. முன்பு பேசிய மாதிரியே பேசினான். முன்பாக இருந்தால் என் புருஷன் அவனுக்கு ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுத்திருப்பார். அன்றைக்குக் கழியை முழங்காலில் வைத்து இடது கையால் அழுத்தி உடைத்தார். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நான் உடைந்த கழியையும் புழு டப்பாவையும் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

அதற்கு ஒரு மாதம் கழித்து, முத்தாபுதுப்பேட்டையில் வீடு கட்டிக் குடியிருந்த ஒரு ராணுவக்காரர் பேன்ட் இடுப்பைப் பிடிக்கக் கொண்டுவந்தார். ராணுவத்தில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பல வருஷம் நீலகிரியில் அதிகாரிகளுக்குச் சமைத்தவராம். வாய் ஓயாது. மூலையில் சாத்தியிருந்த உடைந்த கழியைப் பார்த்துவிட்டார்.

"சார் மீனு புடிப்பாராம்மா?"

"புடிச்சிகினு இருந்தாரு. இப்போ புழு மாட்ட கை இல்ல" என்றேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"புழு இன்னாத்துக்கு? ஊட்டில எங்க ஆபீசருங்கோ புழுவத் தொடவே மாட்டாங்கோ. முள்ளுல கோழி எறகக் கட்டி உடுவாங்கோ. மீனு அத்த பூச்சின்னு நெனச்சிகினு கவ்வும். ஒரு எறகு கட்டுனா காலைலேந்து சாய்ங்காலம் வரிக்கும் புடிக்கலாம்."

நான் மெஷினை நிறுத்தினேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே இறகு. மறுபடி மறுபடி மாட்ட வேண்டாம். அவர் சொன்ன மற்றதெல்லாம் எனக்கு அப்புறம்தான் காதில் விழுந்தது.

மற்றது நிறையச் சொன்னார். மலை ஆற்றில் டிரவுட் என்ற மீன் பாறைக்குப் பின்னால் ஒதுங்கி, வரும் தண்ணீரைப் பார்த்தபடி நிற்குமாம். இறகை அதன் தலைக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கமாக நாலடி தள்ளிப் போட்டு, தண்ணீரோடு தானாக வரவிட வேண்டுமாம். நம் நிழல் தண்ணீரில் விழுந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். மேகம் மூடித் தூறல் போட்டால் நல்ல நாள். பெருமழை பெய்து ஆறு செம்மண்ணாக வந்தால் அதிகாரிகள் எல்லோரும் மெஸ்ஸில் உட்கார்ந்து குடிக்கப் போய்விடுவார்கள். வெயில் இருந்தால் சின்ன, கறுத்த இறகு. மப்பாக இருந்தால் கொஞ்சம் பெரியது. மலைமேல் இருக்கிற ஏரியில் என்றால் காலையிலும் சாயங்காலத்திலும் தண்ணீர் வட்டம் போடுகிற இடத்தைப் பார்த்துப் போட வேண்டும். சொல்லிவிட்டு பர்ஸைத் திறந்து பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துக் காட்டினார். துவரம்பருப்பு அளவுக்கு உடம்பு, அதைச் சுற்றிச் சிலிர்த்த மயிர். கையில் வாங்கிப் பார்த்தேன். இரண்டு நிமிஷத்தில் திருப்பி வாங்கி வைத்துக்கொண்டார்.

அவர் போனதும் உள் அறையிலிருந்து குரல் வந்தது.

"இன்னாமே, அந்த ஊட்டி தொர இன்னா அளந்துகினு போறான்? நம்ம ஏரில இன்னா டிரவுட்டா கீது?"

அந்த வாரத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

மறுநாள் கோழிக்கடைக்குப் போய் சேவலுடைய கழுத்து இறகு வேண்டும் என்றேன். கடைக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"கறி வாணாம், எறகு மட்டுமா? இன்னாக்கா, மந்திரம் கிந்திரமா?"

"ஆமா. உன் கடைக்குத்தான் வெக்கப் போறேன். குடுடா."

கை நிறையக் கொடுத்தான். தூண்டில் முள் வீட்டிலேயே இருந்தது. பிரச்சினை அதைப் பிடித்துக்கொள்வதில் வந்தது. ஒரு கையில் முள்ளைப் பிடித்தால் நூல் சுற்ற ஒரு கைதான் மிஞ்சுகிறது. அப்போதுதான் இவருடைய கஷ்டம் எனக்கே முழுசாகப் புரிந்தது. பிறகு ஒரு யோசனை வந்தது. தையல் மெஷினில் துணியை அழுத்துகிற பாதம் இருக்கிறதே, அதைத் தூக்கி, முள்ளின் வளைவை அடியில் வைத்து இறக்கினேன். இரும்புப் பிடி. முள்ளின் தண்டு வெளியே நீட்டிக்கொண்டு ஆடாமல் நின்றது. இரண்டு கையும் எனக்குக் கிடைத்தன. நூற்கண்டு பக்கத்திலேயே இருந்தது. சுற்றி, இறகை வைத்து, மறுபடி சுற்றி, முடிச்சுப் போட்டு வெட்டினேன்.

முதலில் கட்டியது வெட்கக்கேடு. சிவப்புச் சேவல் இறகு, கல்யாண ஜாக்கெட்டுக்கு வைத்திருந்த ஜரிகை நூலில் உடம்பு, வாலுக்கு ஒரு ஜிகினா. கையில் வைத்துப் பார்த்தால் அவ்வளவு அழகு. விடிந்ததும் ஏரியில் துவைக்கிற கல்லுக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். உடைந்த கழியின் மேல்பாதியில் நரம்பைக் கட்டி வீசினேன். நரம்பு என்றால் நைலான் இழை. அந்த அழகு தண்ணீரில் விழுந்து நனைந்த கந்தலாக அடியில் போய் உட்கார்ந்தது. ஒரு மீன் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு வாரம் இப்படி விதவிதமாகக் கட்டி, விதவிதமாக ஏமாந்தேன். ஜாக்கெட் தைக்கிறவளுக்குப் பார்க்கிற பெண்ணின் கண்தான் தெரியும். மீனின் கண் தெரியாது.

ராணுவக்காரர் மறுபடி வந்தபோது கேட்டேன்.

"எறக தலைக்கு மேல போட்டு தண்ணியோட வர உட்டியாம்மா?"

"எங்க ஏரில தண்ணி ஓடாதுங்க. நிக்கும்."

"அப்போ எனுக்குத் தெரியாது" என்றார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

விடை அடுப்பங்கரையில் கிடைத்தது. ஐப்பசி மழை ஆரம்பித்திருந்தது. பக்கத்துத் தெருப் பெண் ஒரு கிண்ணம் வெளிச்சிக் கெண்டை கொடுத்தாள். விரல் நீளம் இருக்கும், வெள்ளித் தகடு மாதிரி மின்னும். தண்ணீரின் மேல்மட்டத்திலேயே திரிகிற மீன். அரிவாள்மனையில் வைத்து வயிற்றைக் கீறியபோது எப்போதும்போல எறியப் போனேன். ஏதோ தோன்றி, குடலைப் பிதுக்கித் தட்டில் வைத்துப் பார்த்தேன். உள்ளே புழு இல்லை, பாசி இல்லை. கறுப்பாகச் சிறகு முளைத்த எறும்புகள். இரண்டு ஈசல் சிறகு. இன்னொரு மீனைக் கீறினேன். அதிலும் எறும்பு. கிண்ணம் முழுவதையும் அப்படிப் பார்த்தேன். குழம்பு வைக்க மத்தியானம் ஆகிவிட்டது.

அன்றைக்கே கறுப்பு நூலில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு உருண்டை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, கறுப்புக் கோழியின் கழுத்திலிருந்து இரண்டு சுற்று இறகு, வீட்டில் இருந்ததிலேயே பொடியான முள். எறும்பு. அது மூழ்கக் கூடாதே. மாதா படத்துக்கு முன்னால் எரிகிற மெழுகுவத்தியில் நூலை இழுத்து இழுத்து மெழுகேற்றிவிட்டுச் சுற்றினேன். வாளித் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. கையால் அடித்துப் பார்த்தேன். மறுபடி மேலே வந்தது.

எங்கே போடுவது என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். துணி துவைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் சோப்பு நுரையும் தூசியும் சருகும் எதிர்க்கரைக்குப் போய் ஒதுங்கும். நுரை எங்கே ஒதுங்குகிறதோ அங்கேதான் தண்ணீரில் விழுந்த பூச்சியும் ஒதுங்கும். நானே ஒரு சாயங்காலம் அங்கே போய்ப் பார்த்தேன். மழை விட்டு வெயில் வராமல் இருந்தது. தண்ணீர் முழுவதும் வட்டம் வட்டமாக வெடித்துக்கொண்டிருந்தது. என் புருஷனும் அவருடைய கூட்டாளிகளும் இத்தனை வருஷம் நிழலுக்காக இந்தக் கரையில் உட்கார்ந்து, அந்தக் கரையை ஒரு நாளும் பார்க்கவில்லை.

இனி அவரைக் கிளப்ப வேண்டும். கெஞ்சினால் வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மழை விட்ட நேரமாகப் பார்த்து, புதிதாக வெட்டிய மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு உள் அறை வாசலில் நின்றேன்.

"நான் ஏரிக்குப் போறேன்."

"துணி தொவைக்கவா?"

"மீனு புடிக்க. உன் ஆளுங்க எல்லாம் அங்க கீறாங்க. அவனுங்க முன்னாலதான் உட்காரப் போறேன்."

"இன்னாமே, பைத்தியமா? என் மானத்த வாங்கவா போற?"

"உன் மானம் ஊட்டுல துண்டு போத்திகினு தூங்குது. நீ அத்த பாத்துக்கோ."

கொடுமையாகத்தான் பேசினேன். அன்றைக்கு வேறு மாதிரி பேச எனக்குத் தெரியவில்லை. கரையேறிப் பாதி தூரம் போகும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. "நில்லுமே! ஊட்டுக்கு வா!" என்று கத்திக்கொண்டே வந்தார். நான் நிற்கவில்லை. அவருடைய கூட்டாளிகளைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போய், நுரை ஒதுங்கிய இடத்தில் நின்று கழியை வீசினேன். எனக்கு வீசத் தெரியாது. முள் பின்னால் போய்க் கருவேல மரத்தில் சிக்கிக்கொண்டது. இழுத்தேன், அறுந்தது. மூன்று எறும்பு கட்டியிருந்தேன், ஒன்று போய்விட்டது. இரண்டாவதை முடிந்து வீசினேன். தண்ணீரில் அறைந்த மாதிரி விழுந்தது. வட்டங்கள் எல்லாம் அடங்கிப்போயின.

அவர்களில் நாலு பேர் நரம்பைச் சுருட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"இன்னாண்ணி, கோழியயே தண்ணில மேய உட்டுட்டீங்களா?"

"முட்ட போடுமா அண்ணி?"

என் புருஷன் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முகம் கறுத்துவிட்டது. நான் மூன்றாவது தடவையும் தண்ணீரை அறைந்தபோது அவரால் தாங்க முடியவில்லை.

"ஏய், துணியா அடிக்கிற? மணிக்கட்ட ஆட்டுமே, மணிக்கட்ட! குடு இப்டி!"

கழியைப் பிடுங்கினார். இடது கையால் ஒரு சுண்டு. நரம்பு நீண்டு, எறும்பு தூசி விழுகிற மாதிரி தண்ணீரில் போய் உட்கார்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். துண்டு நழுவித் தரையில் விழுந்ததை அவர் பார்க்கவில்லை. நான் எடுக்கவில்லை.

எறும்பின் கீழே தண்ணீர் சின்னதாக வெடித்தது. அவர் அசையவில்லை. புழுத் தூண்டிலில் மிதக்கிற தக்கை முழுசாக அமுங்கும்வரை காத்திருக்கிற பழக்கம். இங்கே தக்கையே இல்லை. மீன் வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டுப் போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். பற்களைக் கடித்தார். மீன் தப்பினால் போடுகிற பழைய சத்தம் ஒன்று தொண்டையிலிருந்து வந்தது.

அப்போது ஒருவன், அன்றைக்குப் புழுவைப் பற்றிச் சொன்னவனேதான், அந்தக் கையை நேராகப் பார்த்துக் கேட்டான்.

"இன்னும் வலிக்குதா மாமே?"

என் புருஷன் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"உன் மூஞ்சியப் பாத்தாதாண்டா வலிக்குது. தள்ளி நில்லு, நெழலு தண்ணில உயுது."

அவன்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் தண்ணீர் மறுபடி வெடித்தது. இந்தத் தடவை அவர் காத்திருக்கவில்லை. மணிக்கட்டைத் தூக்கினார். ஒரு வெளிச்சி காற்றில் பளிச்சென்று ஆடிக்கொண்டு வந்தது.

இனிமேல்தான் கஷ்டம். முள்ளை எடுக்க வேண்டும். என் கை தானாக நீண்டது. அதை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் கழியை அக்குளில் இடுக்கினார். மீனைத் தொடையில் வைத்து, வலது கையின் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் அமுக்கினார். வழுக்கி விழுந்தது. மறுபடி எடுத்தார். மறுபடி விழுந்தது. யாரும் கிட்டே போகவில்லை. கிண்டல் செய்யவும் இல்லை, கண்ணைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. மூன்றாவது தடவை உள்ளங்கையால் தொடையோடு அழுத்தி, இடது கையால் முள்ளைத் திருகி எடுத்தார். எறும்பு அப்படியே இருந்தது, ஒரு மயிர்கூடக் கலையாமல். ஊதினார். மறுபடி வீசினார்.

பதினொரு மீன் பிடித்தார். பன்னிரண்டாவதில் இறகு பிய்ந்துபோனது. கடைசி எறும்பைக் கட்ட நரம்பை என்னிடம் நீட்டினார். முடிந்து கொடுத்தேன். அது தப்பென்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அதற்குள் மேகம் விலகி வெயில் அடித்தது. காற்று நின்றது. வட்டங்கள் நின்றன.

"இன்னாமே, மூணுதான் கட்னியா? இத்த எடுத்துகினு ஒருத்தி ஏரிக்கு வருவாளா? பத்தாவது கட்ட வாணாம்? அதுல ஒண்ண மரத்துக்கு வேற குட்த்துட்டா."

நாலு பேர் முன்னால் என்னைத் திட்டினார். நானும் திட்டினேன். வீட்டுக்கு வரும்வரை இருவரும் சண்டை போட்டுக்கொண்டே வந்தோம். தெருவில் எட்டிப் பார்த்தவர்கள், ஐயோ பாவம் அந்தக் குடும்பம் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த வாரம் ஜாக்கெட் வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு இருபது கட்டினேன். மெஷின் பாதத்துக்கு அடியில் முள்ளை வைத்து இறக்குகிற வேலையை அவர் செய்தார். அதற்கு இரண்டு விரல் போதும். எறும்பு பெரிதாக இருக்கிறது என்றார், இடுப்பு போதவில்லை என்றார், உனக்குக் கண் தெரியவில்லையா என்றார். ஈசலுக்கு வெங்காயத் தோலில் சிறகு வைக்கச் சொன்னார். வைத்தேன், கிழிந்தது. அதற்கும் என்னைத்தான் குறை சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சேலையை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவர் கழியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். துண்டு கொடியில் தொங்கியது.

"நீ எங்க கெளம்பிட்ட?"

"ஏரிக்கு."

"நீ வராத. ஊட்டுலயே இரு."

"ஏன், நான் கட்டுன முள்ளு. நான் கண்டுபிடிச்ச எடம்."

தெருவை ஒரு தடவை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அது இல்லமே. நீ கீறதுனால ஒருத்தனும் வாயத் தொறந்து பேச மாட்டேன்றான். போன வாரம் பூரா எல்லாரும் கோயில்ல உக்காந்துகினு இருந்த மாதிரி இருந்தது. ஒரு கெட்ட வார்த்த பேச முடியல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆறு மாதம் உன்னைக் கிளப்ப நான் பட்ட பாடென்ன, கோழிக்கடையில் நின்றதென்ன, குடலைக் கிளறியதென்ன என்று தெருவிலேயே ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை. பாதி தெரு போய்விட்டிருந்தார். மூலையில் அவருக்காகக் காத்திருந்தவன் என்னவோ சொன்னான். இவர் திருப்பிச் சொன்ன வார்த்தை தெருக்கோடியிலிருந்து எங்கள் வாசல்வரை தெளிவாகக் கேட்டது. எழுதக்கூடிய வார்த்தை இல்லை.

உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்தேன். அந்தக் குரல் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தவரை ஒன்றும் தைக்கவில்லை.